தலைப்பிரசவம் ஆன வீட்டுக்கு என்ன பரிசு கொண்டு போகலாம்?

"குழந்தை பிறந்துவிட்டது!"

இந்தச் செய்தி வந்ததும் உறவினர் வீடுகளில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போக முடியாது. என்ன வாங்கிக்கொண்டு போவது?

அவசரமாகக் கடைக்குப் போகிறோம். கண்ணில் பட்டதை வாங்குகிறோம். ஒரு சட்டை, ஒரு பொம்மை, ஒரு டப்பா பவுடர். அதை வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம்.

அந்தப் பரிசு பிறகு என்ன ஆயிற்று? அதை நாம் யோசிப்பதில்லை.

தலைப்பிரசவம் ஆன வீட்டில் ஒரு மாதம் கழித்து பீரோவைத் திறந்து பாருங்கள். ஒரு முறைகூடப் போடாத சட்டைகள் அடுக்கி இருக்கும். பிரிக்காத பவுடர் டப்பாக்கள் இருக்கும். அதே வீட்டில், மாற்றுவதற்குக் காய்ந்த துணி இல்லாமல், தாய் தன் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருப்பாள்.

பணம் செலவாயிற்று, பயன் இல்லை. இப்படி ஆகாமல் இருக்க என்ன வழி?

பிறந்தவர் இருவர்

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தலைப்பிரசவத்தில் பிறப்பது குழந்தை மட்டும் அல்ல. ஒரு தாயும் அன்றுதான் பிறக்கிறாள்.

நேற்று வரை அவள் ஒரு வீட்டின் செல்ல மகள். இன்று இரவும் பகலும் விழித்திருக்கிறாள். உடம்பெல்லாம் வலி. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தால் எழுந்து உட்காருவதே பெரும்பாடு. குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாது. கேட்டால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுகிறார்கள்.

ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் நேரே தொட்டிலுக்குத்தான் போகிறார்கள். பரிசும் தொட்டிலுக்கே போகிறது. கட்டிலில் இருப்பவளை எட்டிப் பார்ப்பவர் சிலரே.

ஆகவே கடைக்குப் போகும் முன் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது குழந்தைக்கு அடுத்த மூன்று மாதத்தில் பயன்படுமா? இது தாயின் வேலையைக் குறைக்குமா? இரண்டில் ஒன்றுக்காவது "ஆம்" என்று பதில் வந்தால் வாங்கலாம்.

இரண்டு பெட்டிகள்

பின்லாந்து என்ற குளிர் நாட்டில் 1938-ஆம் ஆண்டு ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கியது. குழந்தை பெறப் போகும் ஏழைத் தாய்மாருக்கு அரசாங்கமே ஒரு பெட்டி கொடுத்தது. அதில் குழந்தைக்கு வேண்டிய துணிமணிகள் இருந்தன. 1949 முதல் ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லாத் தாய்மாருக்கும் அந்தப் பெட்டி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெட்டியின் அடியில் ஒரு சிறு மெத்தை உண்டு. சாமான்களை எடுத்துவிட்டால் அட்டைப்பெட்டியே குழந்தைக்குப் படுக்கை ஆகிவிடும்! பெட்டி வேண்டாம் என்றால் பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் முதல் குழந்தை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். காரணம், அனுபவம் உள்ளவர்கள் யோசித்து அடுக்கிய பெட்டி அது.

நம் தமிழ்நாட்டிலும் 2015-ஆம் ஆண்டு இப்படி ஒரு திட்டம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 'அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்' கொடுக்கப்பட்டது. அதில் 16 பொருள்கள். துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை இவை குழந்தைக்கு. குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம் இவை தாய்க்கு.

கவனித்தீர்களா? தாயை மறக்கவில்லை. கை கழுவுவதையும் மறக்கவில்லை. பரிசு வாங்கப் போகும் நமக்கு இந்தப் பட்டியல் ஒரு நல்ல பாடம்.

துணிக் கணக்கு

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் எதற்குப் பஞ்சம்? காய்ந்த துணிக்குத்தான் பஞ்சம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். முதல் வாரம் கழிந்த பிறகு, வயிறு நிறையப் பால் குடிக்கும் குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். மலமும் சில தடவை கழிக்கும். நாளைக்குப் பத்துத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் துணி காய இரண்டு நாள் ஆகும். அப்படியானால் முப்பது துணி இருந்தால்தான் தாய்க்கு நிம்மதி.

ஆகவே மெல்லிய பருத்தித் துணி இரண்டு டஜன் வாங்கிக் கொடுத்தால் அது பெரிய உதவி. பழைய வேஷ்டியைத் துவைத்து, கொதி நீரில் போட்டு எடுத்து, சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பல முறை துவைத்த துணியின் மென்மை புதுத் துணிக்கு வராது. பாட்டிமார் பழந்துணி கேட்டதன் காரணம் சிக்கனம் மட்டும் அல்ல.

இக்காலத்தில் கடை நாப்கின்களும் வந்துவிட்டன. வெளியூர்ப் பயணத்துக்கும் இரவுக்கும் அவை உதவும். ஆனால் சிறிய அளவில் ஒரு பெரிய மூட்டை வாங்காதீர்கள். குழந்தை வளர்ந்துவிடும்.

சட்டை வாங்கும்போது

பிறந்த குழந்தை சுமார் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஐந்து மாதத்தில் அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. ஒரு வயதில் மூன்று மடங்கு. நீளமோ 75 சென்டிமீட்டரை எட்டுகிறது.

இவ்வளவு வேகமாக வளரும் உடம்புக்குப் பிறந்த அளவிலேயே பத்துப் பேர் சட்டை வாங்கினால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் பத்தும் சிறுத்துப்போகும். ஆகவே ஆறு மாத அளவிலோ ஒரு வயது அளவிலோ வாங்குங்கள். மற்றவர் வாங்கிய சட்டை எல்லாம் போதாமல் போகும்போது உங்கள் சட்டைதான் கைகொடுக்கும்.

உடை பருத்தியாக இருக்கட்டும். முடிச்சு வைத்த ஜபலா நல்லது. ஜரிகை, மணி, ஜிகினா வேண்டாம். மெல்லிய தோலை அவை உரசும். கழுத்தில் நீளமான நாடா வேண்டாம், இழுத்துச் சுருக்கிவிடும். எளிதில் பிய்ந்து வரும் பொத்தானும் வேண்டாம், வாய்க்குள் போய்விடும். எந்தப் புது உடையையும் ஒரு முறை துவைத்த பிறகே போட வேண்டும்.

அந்துருண்டை ஆபத்து

இது பலருக்குத் தெரியாத விஷயம். குடும்பத்தில் பரம்பரையாக வரும் பட்டுச் சட்டை, சால்வை, கம்பளி ஆகியவற்றைப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்போம். அதை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் போர்த்துவோம்.

அது ஆபத்து. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும். நாப்தலீன் என்ற ரசாயனத்தால் ஆன அந்துருண்டையின் வாடை பட்டால் அந்தக் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கடுமையான மஞ்சள் காமாலை வரும். அந்தக் குறை எந்தக் குழந்தைக்கு உண்டு என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

பெட்டியில் இருந்து எடுத்த துணியை நன்றாகத் துவைத்து, வாடை முற்றிலும் போகும் வரை வெயிலிலும் காற்றிலும் உலர்த்த வேண்டும். வாடை போகவில்லை என்றால் குழந்தையின் பக்கமே கொண்டு போகக்கூடாது.

படுக்கையில் என்ன வேண்டும்?

கொசுவலை வேண்டும். குடை போல் விரித்து மூடும் சிறு வலை நல்ல பரிசு. பகலில் கடிக்கும் கொசுதான் டெங்குவைக் கொண்டு வருகிறது. ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

தலையணை வேண்டாம். "தலை உருண்டையாக வரும்" என்று கடுகுத் தலையணை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தலையணை கூடாது என்பதே குழந்தை டாக்டர்களின் யோசனை. மெத்தென்ற பொம்மையும், தடித்த போர்வையும், பக்கத்து மெத்தைகளும் படுக்கையில் வேண்டாம். அவை மூக்கை அடைத்துவிடலாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதே பத்திரம்.

ஆகவே ஒரு சமமான, கெட்டியான சிறு மெத்தை, அதற்கு மூன்று பருத்தி விரிப்புகள், கீழே போட ஒரு ரப்பர் விரிப்பு. இது போதும்.

புட்டி வேண்டாம், பாலாடை வாங்குங்கள்

அழகான பால் புட்டியைப் பரிசாகக் கொடுப்பவர்கள் உண்டு. பால் மாவு டப்பாவும் கொடுப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது தவறான பரிசு.

முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூடத் தேவை இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் சொல்லுகிறது. குழந்தை எவ்வளவுக்குக் குடிக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பால் சுரக்கும். இடையில் புட்டிப் பால் புகுந்தால் குழந்தை தாயிடம் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். புட்டியின் ரப்பர் காம்பைச் சுத்தமாக வைப்பதும் கடினம். அதனால் வயிற்றுப்போக்கு வருகிறது.

இதற்காகவே இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கைக்குழந்தைக்கான பால் மாவையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக்கூடாது. விற்பனைக்காகத் தாய்மாருக்கு அவற்றைப் பரிசாகக் கொடுக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் தடுக்கிறது. 2003-இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. சட்டம் கம்பெனிகளுக்கு. ஆனால் அதன் காரணம் நமக்கும் பொருந்தும்.

சில தாய்மாருக்கு டாக்டரே பால் மாவு எழுதிக் கொடுப்பார். அப்போது அவர் சொன்ன மாவை வாங்கிக் கொடுப்பதில் தவறு இல்லை. அந்தத் தாயை "பால் இல்லையா?" என்று கேட்டு நோகடிக்க வேண்டாம்.

புட்டிக்குப் பதில் என்ன? நம் வீட்டுப் பாலாடை இருக்கிறதே! மூக்கு நீண்ட அந்தச் சிறு பாத்திரத்தைப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பயன்படுத்துகிறார்கள். உறிஞ்சத் தெம்பு இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி பாலாடையால் புகட்டுகிறார்கள். இண்டு இடுக்கு இல்லாத பாத்திரம். கொதி நீரில் போட்டு எடுத்தால் சுத்தமாகிவிடும். எவர்சில்வரில் வாங்கினால் விலையும் குறைவு. வசதி உள்ளவர்கள் வெள்ளியில் வாங்கலாம்.

வாயில் வைக்கக்கூடாதவை

பாட்டில் தேன் வாங்கிப் போய் நாக்கில் தடவும் வழக்கம் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சு விடவே கஷ்டமாகிவிடும்.

சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும் வேண்டாம். கிரைப் வாட்டர், உரை மருந்து இவையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கண்ணுக்கு மையும் வேண்டாம். சில வகை மைகளில் ஈயம் கலந்திருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. திருஷ்டிக்குப் பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் குழந்தையின் கை படாத இடத்தில், உள்ளங்காலில் வையுங்கள். பவுடர் கொட்டினால் தூள் மூச்சில் போகும். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெய் தேய்க்க நல்ல தேங்காய் எண்ணெய் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது.

பொம்மை

பிறந்த குழந்தைக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். அதாவது பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் தெரியும். முதல் மாதங்களில் அதுவே அதற்கு மிகச் சிறந்த பொம்மை.

பொம்மை வாங்குவதானால் பெரியதாக, உடையாததாக, வாய்க்குள் போகாததாக இருக்கட்டும். பனையோலைக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டினால் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பும். அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்ற தைரியமும் தாய்க்கு வரும். பட்டன் போன்ற சிறு பாட்டரி உள்ள பொம்மையைக் கண்டிப்பாகத் தவிருங்கள். அந்தப் பாட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். 2021 ஜனவரி முதல் கடைகளில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்த்து வாங்குங்கள்.

சக்கரம் வைத்து நடுவில் குழந்தையை உட்கார வைக்கும் 'வாக்கர்' வேண்டாம். படியில் உருண்டு விழும் விபத்துகளைப் பார்த்து, கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. குழந்தை நிற்கப் பழகிய பிறகு, நம் மர நடைவண்டியை வாங்கிக் கொடுக்கலாம்.

மோதிரமும் கொலுசும்

தாய்மாமன் சீர் என்றால் அரைஞாண், காப்பு, கொலுசு எல்லாம் வரும். அது பாசத்தின் அடையாளம். வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். தங்கம் விற்கும் விலையில் கால் பவுன் மோதிரத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் மாமனைக் கண்டு எந்த மருமகன் மகிழப்போகிறான்?

நகை போட்டால், அதைத் தாயின் கையில் கொடுங்கள். குழந்தையின் விரலில் மாட்டி அப்படியே விட்டுவிடாதீர்கள். கழன்ற மோதிரம் வாய்க்குள் போகும். இறுகிய காப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கழுத்தில் கயிறும் சங்கிலியும் தூக்கத்தில் ஆபத்து.

தாய்க்கு என்ன கொடுக்கலாம்?

பால் கொடுக்கும் தாய்க்கு நாள் முழுவதும் வேலை. குழந்தை நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரவும் அதில் அடங்கும்.

முதல் ஆறு மாதம் அவளுக்கு வழக்கத்தைவிட நாளைக்கு சுமார் 600 கலோரி அதிக உணவு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. இது ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. ஆனால் சில வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் ரசமும் சோறும் மட்டும் போடுகிறார்கள். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறார்கள். இது தவறு. தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவித்தது. பிரசவத்தில் ரத்தம் போன பிறகு நிலைமை எப்படி இருக்கும்? அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லுகிறார்கள்.

ஆகவே ஆப்பிளும் ரொட்டியும்தான் கொண்டு போக வேண்டும் என்று இல்லை. எள்ளுருண்டை, கடலை உருண்டை, பேரீச்சம்பழம், முட்டை, முருங்கைக்கீரை, நெல்லிக்காய், சாத்துக்குடி கொண்டு போகலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் பால்சுறாப் புட்டு செய்துகொண்டு போவார்கள். அருமையான பரிசு அது! உளுந்தங்களிக்கு மாவு திரித்துக் கொடுக்கலாம்.

பொருளாகக் கொடுக்க விரும்பினால் ஒரு பிளாஸ்க் வாங்குங்கள். நடு இரவில் அடுப்பங்கரைக்குப் போகாமல் வெந்நீரோ பாலோ குடிக்கலாம். முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி இரண்டு வாங்கலாம். பால் கொடுக்கும்போது முதுகுக்கு அணைவாக வைக்க ஒரு கெட்டித் தலையணை தைத்துக் கொடுக்கலாம். சிறு விடிவிளக்கு வாங்கலாம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது.

காகிதமும் பரிசுதான்

குழந்தை பிறந்த வீட்டில் காகிதங்கள் சேரும். ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ். அவசரத்துக்குத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

உறை உறையாக இருக்கும் ஒரு நல்ல பைல் வாங்குங்கள். உள்ளே ஒரு தாளில் தடுப்பூசி நாட்களை எழுதி ஒட்டுங்கள். பிறந்தவுடன், பிறகு 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என்று வரிசையாக எழுதுங்கள். இந்தத் தடுப்பூசிகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். 108 ஆம்புலன்சையும் அருகில் உள்ள டாக்டரின் போன் எண்ணையும் பெரிதாக எழுதுங்கள்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பெயரை ஓர் ஆண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சேரவும் பாஸ்போர்ட் எடுக்கவும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். அதை அலைந்து வாங்கிக் கொடுக்கும் சித்தப்பாவின் பரிசு வாழ்நாள் முழுவதும் உதவும்.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு யோசனை. பெண் குழந்தை என்றால் தபால் நிலையத்தில் 'செல்வமகள் சேமிப்புத் திட்டம்' இருக்கிறது. 2015-இல் தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். பெற்றோர்தான் கணக்குத் தொடங்க வேண்டும். நாலு சொந்தக்காரர்கள் சேர்ந்து முதல் தொகையைக் கொடுக்கலாம்.

குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இருந்தால்?

சில குழந்தைகள் மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடும். இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக இருக்கும். தாய் ஒரு வார்டில், குழந்தை ஒரு வார்டில் என்று நாட்கள் போகும்.

அப்போது பொம்மையும் சட்டையும் கொண்டு போகாதீர்கள். அவற்றைப் பார்த்தாலே தாய்க்கு அழுகை வரும். துணைக்கு இருக்கும் பாட்டிக்கு ஒரு வேளைச் சோறு கொண்டு போங்கள். தகப்பனாரின் கையில் ஆட்டோ செலவுக்குப் பணம் கொடுங்கள்.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக் கட்டி வைக்கும் முறை 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. இன்று உலகம் எங்கும் பரவியிருக்கிறது. கங்காரு தன் குட்டியை வைத்திருப்பது போல என்பதால் 'கங்காரு முறை' என்று பெயர். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த சட்டையும் மெல்லிய பருத்தித் துணியும் அதற்கு உதவும்.

கடையில் கிடைக்காத பரிசு

கையில் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? கவலை வேண்டாம். எல்லாவற்றிலும் உயர்ந்த பரிசு அவர்களிடம்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா வருகிறாள். கையில் ஒன்றும் இல்லை. நேரே கொல்லைப்புறம் போய்க் குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள்.

"கண்ணு, நீ போய்க் குளிச்சுட்டு ஒரு மணி நேரம் படு. புள்ளையை நான் பாத்துக்கறேன்" என்கிறாள்.

"உங்களுக்கு எதுக்கு அக்கா சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்லை. பாலுக்கு அழுதா எழுப்பறேன். போ."

அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு விலை உண்டா?

துணி துவைத்துக் கொடுக்கலாம். ஒரு வேளை சமைத்துக் கொண்டு போகலாம். பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு கூடப் போகலாம். தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை: இரவில் ஒரு முறை எழுந்து துணி மாற்றுங்கள். அது உங்கள் மனைவிக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு.

நல்ல வார்த்தை

சில பேர் பரிசும் கொண்டு வருவார்கள். பொல்லாத வார்த்தையும் கொண்டு வருவார்கள். "பொண்ணா? அடுத்தது பையனா இருக்கும்." "நிறம் கம்மியா இருக்கே." "உனக்குப் பால் பத்தாது போல." பரிசை மறந்தாலும் இந்த வார்த்தைகளை ஒரு தாய் மறக்கமாட்டாள்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணம் இல்லாமல் அழுகை வருவது சகஜம். உடம்பில் ஏற்படும் மாறுதல்தான் காரணம். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் அவள் சோர்ந்து கிடந்தால், சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல் போனால், "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னால் அது நோய். பேய் பிடித்ததும் அல்ல, திமிரும் அல்ல. அவளைத் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். பார்க்கப் போன நீங்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஒரு குடும்பத்தையே காப்பாற்றியவர் ஆவீர்கள்.

சளி, காய்ச்சல் இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். கால் மணி நேரம் இருந்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

பைக்கு ஏற்ற பட்டியல்

கையில் குறைந்த பணம் இருந்தால்: தைத்த பருத்தித் துணி, நகவெட்டி, பாலாடை, பைல், எள்ளுருண்டை.

நடுத்தரமாக இருந்தால்: கொசுவலை, பிளாஸ்க், தெர்மாமீட்டர், ஆறு மாத அளவு உடை, பருத்தி நைட்டி.

வசதி இருந்தால்: தொட்டில், மெத்தை, வெள்ளிப் பாலாடை, சேமிப்புக் கணக்குக்குப் பணம், அல்லது துணி துவைக்க ஒரு மாதத்துக்கு ஆள்.

சொந்தக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் போனில் பேசிக்கொண்டு, யார் எதை வாங்குவது என்று பங்கு போட்டுக்கொண்டால் ஒரே பொருள் நாலு வந்து சேராது. வாங்கிய ரசீதையும் கொடுத்துவிடுங்கள். தேவை இல்லை என்றால் மாற்றிக்கொள்வார்கள்.

எதுவும் தோன்றவில்லை என்றால் அந்தப் பெண்ணின் தாயாரைக் கூப்பிட்டு, "உங்கள் வீட்டில் இப்போது எது இல்லை?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.